பூனை கேட்டால் பஸ் வருகிறது

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அவளுடைய சிநேகிதி ஒருத்தி, காட்டில் குலம் குலமாக வாழும் பூனைகளின் கதையொன்றை வாசிக்கிறாளாம். அதுவே தனக்கும் வேண்டும் என்று ஒரே பிடி. பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு வந்தாள்: 'இன்டு த வைல்ட்'. ஒன்லைனில் புத்தகம் விற்கும் ஒரு பக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அந்தப் பெயரை அனுப்பினேன். "இருக்கு மிஸ்" என்று பதில் வந்தது. கூரியர் தம்பியிடம் 2,350 ரூபா கொடுத்து வாங்கிப் பிரித்தால், அட்டையில் பனிக்கு நடுவே ஒரு பழைய பஸ்! பூனையின் வாலைக்கூடக் காணவில்லை. திருப்பி எடுக்கச் சொன்னால் "நீங்கள் கேட்ட பெயர்தானே" என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? – வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா

பதில்: முதலில், அந்தப் பஸ் புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிடாதீர்கள். அது ஜோன் க்ரக்கவர் 1996இல் எழுதிய உண்மைக் கதை. வீடு, காசு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியே அலாஸ்காக் காட்டுக்குப் போன ஓர் இளைஞன், அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே இறந்துபோகிறான். நல்ல புத்தகம். நீங்கள் வாசியுங்கள், பத்து வயதுக்கு வேண்டாம்.

மகள் கேட்டது 2003இல் ஹார்ப்பர் கொலின்ஸ் வெளியிட்ட கதை. 'வாரியர்ஸ்' என்ற வரிசையின் முதல் புத்தகம். வீட்டில் வளரும் ரஸ்டி என்ற செம்பட்டைப் பூனை வேலி தாண்டிக் காட்டுக்குள் போய், அங்கே இருக்கும் நான்கு குலங்களில் ஒன்றில் சேர்ந்துகொள்கிறது. இடி, ஆறு, காற்று, நிழல் என்று குலங்களுக்குப் பெயர். இறந்த மூதாதையர் வானத்தில் நட்சத்திரக் குலமாக இருக்கிறார்கள். எழுதியவர் எரின் ஹன்டர் என்று அட்டையில் இருக்கும். உண்மையில் அப்படி ஒருவர் இல்லை, சிலர் சேர்ந்து ஒரே புனைபெயரில் எழுதுகிறார்கள். ஆனாலும் கடையில் நீங்கள் சொல்ல வேண்டிய பெயர் அதுதான்.

புத்தகத் தலைப்புக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஒரே தலைப்பில் இரண்டு பேர் எழுதலாம், இரண்டுமே நன்றாக விற்கலாம். தலைப்பை மட்டும் அனுப்பிப் புத்தகம் வாங்குவது, வெள்ளவத்தையில் இறங்கி "சிவாவின் வீடு எங்கே" என்று கேட்பது மாதிரி.

இனி நியாயத்துக்கு வருவோம். வட்ஸ்அப்பைத் திறந்து மேலே போய், நீங்கள் என்ன எழுதினீர்கள், அவர்கள் என்ன காட்டினார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய பக்கத்தில் பூனைப் படம் போட்டிருந்து பஸ் வந்திருந்தால், வழக்கு உங்கள் பக்கம். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. (பூனைகளும் அந்தச் சட்டமும் ஒரே வருடம் பிறந்தவை!) அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். உரையாடலின் ஸ்க்ரீன்ஷொட், கூரியர் துண்டு, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

படமே இல்லாமல் வெறும் தலைப்பை மட்டும் நீங்கள் அனுப்பியிருந்தால், என் தீர்ப்பு கொஞ்சம் கசக்கும்: பிழையில் பாதி உங்களுடையது. ஆனால் "பத்து வயது மகளுக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களென்றால் கதை மாறும். புத்தகம் விற்பவர் அதைப் பார்த்ததும் "எரின் ஹன்டரா மிஸ்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எப்படியோ, 2,350 ரூபாவுக்காகக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: கூரியர் செலவை நான் தருகிறேன், புத்தகம் கசங்கவில்லை, பூனையை அனுப்புங்கள் என்று. நான் பார்த்த அளவில் பத்துக்கு ஏழு பேர் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் 'வாரியர்ஸ்' முதல் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டான். ஒரு கடையில் ஆறு புத்தகப் பெட்டியைக் காட்டுகிறார்கள். இன்னொரு கடைக்காரர், "கதை இதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது, அந்தப் பழைய கதையிலிருந்து வாங்குங்கள்" என்கிறார். எதை வாங்குவது? – கொட்டாஞ்சேனைத் தந்தை

பதில்: பெட்டிதான். ஆனால் அட்டையில் என்ன எண் இருக்கிறது, உள்ளே மூன்றா ஆறா என்று எண்ணிப் பார்த்து எடுங்கள். முதல் வட்டத்தில் ஆறு புத்தகங்கள், 2003, 2004இல் வந்தவை. 'இன்டு த வைல்ட்'டில் தொடங்கி 'த டார்க்கெஸ்ட் அவர்' வரை. அங்கே ஒரு கதை முடிந்துவிடும், அதோடு நிறுத்தினாலும் நட்டமில்லை. அடுத்த வட்டம் 2005இல் தொடங்கியது, அதிலும் ஆறு. பிறகு இன்னும் பல ஆறுகள். மூல வரிசை மட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டது. கிளைக் கதைகள், படக்கதைகள் வேறு.

அந்த இரண்டாவது கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. குலங்கள் எப்படித் தோன்றின என்ற கதை 2013இல்தான் வரத் தொடங்கியது. ஆனால் அது ஏற்கனவே வாசித்தவர்களுக்காக எழுதப்பட்டது. கதையின் காலத்தை வைத்து வாங்காதீர்கள், வெளிவந்த ஒழுங்கில் வாங்குங்கள். சீசன் ஐந்திலிருந்து நாடகம் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலாவது ஏற்கனவே வீட்டில் இருக்கிறதே, பெட்டி வாங்கினால் அது இரட்டிப்பாகுமே என்று யோசிப்பீர்கள். இரண்டு முதல் ஆறு வரை தனித்தனியே தேடிப் பார்த்தவன் சொல்கிறேன்: ஒன்றும் இரண்டும் எல்லா இடத்திலும் கிடைக்கும், நான்கிலும் ஐந்திலும் தேடல் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பிறகு கிடைத்தால் அட்டை வேறு பதிப்பாக இருக்கும். உங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒன்பது வயதுக்காரனுக்கு அலுமாரியில் முதுகுகள் பொருந்தாவிட்டால் அது பெரிய துக்கம். மிஞ்சும் முதலாவதை மச்சான் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடுங்கள், இன்னொரு வீட்டிலும் தலைவலி தொடங்கட்டும். அவசரமில்லையென்றால் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுங்கள், கழிவு கிடைக்கும். அதுவரை விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது, சிறுவர் பகுதியில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதே புத்தகம் கடை விலையில் மூன்றில் ஒன்றுக்குக் கிடைக்கிறது. "இந்தியப் பதிப்பு" என்கிறார்கள். கள்ள அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – மட்டக்குளி

பதில்: விலை குறைந்த எல்லாமே கள்ளம் இல்லை. பழைய புத்தகமும் குறைந்த விலைக்கு வரும், மிஞ்சிய இருப்பும் வரும். ஆனால் இந்த வரிசையில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டினேன். அக்கா மகனுக்கென்று ஒரு கடையில் பளபளவென்று ஆறு வாங்கினேன். நான்காவதை வாசித்துக்கொண்டிருந்தவன் வந்து, "மாமா, இந்தப் பூனை திரும்பவும் சண்டைக்குப் போகுது" என்றான். பார்த்தால் ஒரு பாரம் (ஒன்றாக அச்சடித்து மடித்துக் கட்டும் பக்கக் கட்டு) அப்படியே இரண்டு தரம் கட்டியிருக்கிறது, பதினாறு பக்கம். அடுத்து வர வேண்டிய பதினாறு பக்கத்தைக் காணோம். பற்றுச்சீட்டு வாங்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததேயில்லை என்பது போல நின்றார்.

நல்ல அச்சகத்திலும் பாரம் மாறிக் கட்டுப்படலாம். பற்றுச்சீட்டு இருந்தால் மாற்றித் தருவார்கள். கள்ள அச்சைப் பிடிக்க இந்தக் கதையில் ஒரு சுலபமான இடம் இருக்கிறது. முன்பக்கங்களில் இரண்டு வரைபடங்கள் இருக்கும்: ஒன்றில் காடு பூனைகளின் பார்வையில், மற்றதில் மனிதரின் பார்வையில். கடையிலேயே அதைத் திறந்து, மூலையில் இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். ஸ்கேன் பண்ணி அடித்ததென்றால் மரங்களும் எழுத்தும் கரிக்கட்டையாகக் கலந்திருக்கும். பிறகு நடுவில் விரித்துப் பிடியுங்கள். பசை "கிறக்" என்று சத்தம் போட்டால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாம் வாசிப்பில் பக்கம் பக்கமாகக் கையில் வரும்.

கேள்வி: எட்டு வயதுப் பேத்தி இதை வாசித்துவிட்டு இரவில் அழுகிறாள். ஏதோ ஒரு பூனை செத்துவிட்டதாம். பிள்ளைகளுக்கான புத்தகம் என்றுதானே விற்கிறார்கள்? – தெஹிவளைத் தாத்தா

பதில்: எட்டிலிருந்து பன்னிரண்டு வயது என்றுதான் வெளியீட்டாளர் சொல்கிறார், உங்கள் பேத்தி அதன் ஓரத்தில் நிற்கிறாள். குலச் சண்டை என்றால் நகமும் பல்லும்தான் ஐயா. முதல் புத்தகத்திலேயே குறைந்தது மூன்று நல்ல பூனைகள் போய்விடுகின்றன. கதை அதை மழுப்புவதில்லை, எனக்கு அது பிடித்த குணம். அட்டையில் கொழுகொழுவென்று பூனை முகம் பார்த்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பறிக்க வேண்டாம். இரண்டு அத்தியாயம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், செத்த பூனை நட்சத்திரக் குலத்துக்குப் போன கதையை அவளே உங்களுக்குச் சொல்லுவாள்.

அப்புறம் அவள் வீட்டில் எல்லோருக்கும் பூனைப் பெயர் வைப்பாள், தயாராக இருங்கள். இந்தக் குலங்களில் குட்டியாக இருக்கும்போது ஒரு பெயர், பயிற்சியில் ஒன்று, வீரனானதும் ஒன்று. அந்தப் பதினாறு பக்க விவகாரத்துக்குப் பிறகு அக்கா மகன் எனக்கு வைத்த பெயர் 'பற்றுச்சீட்டு வால்'.