27 பேட்டன்டும் 6 பேச்சிமுத்தும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார், உங்களுக்கும் வீரவநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அதனால் இப்போது ஆற அமர எழுதுகிறேன். உங்கள் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவன் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து வந்த இரண்டு தாள் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரின் தொழில் வரலாறு. என்ன படித்தார், எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம், என்ன பதவி, கடைசியில் 27 பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. அந்த 27-ஐச் சுற்றி மட்டும் தம்பி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறான். நீங்கள் கேட்டது இதுதான்: "இந்தப் படிப்பு எந்தக் காலேஜ்ல இருக்கு சார்? எவ்வளவு ஆனாலும் சரி, வயல வித்தாவது சேத்துப்புடுதேன்."

வயலை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரித் தாளை நம் ஆட்கள் மேலிருந்து படிக்கிறார்கள். முதல் வரியில் காலேஜ் பெயர், கடைசி வரியில் பேட்டன்ட். சரி, அந்தக் காலேஜில் சேர்த்தால் இந்த பேட்டன்ட் வந்துவிடும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். நான் நடுப்பக்கத்தைத்தான் படிப்பேன். இவர் முதல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தது வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வருஷம். 27-ல் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை: பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைத்த தகவல், நடுவில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் தொலையாமல் இருப்பது எப்படி. அந்த எட்டு வருஷமும் மனுஷன் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்து எழுந்து, படுத்துப்போன கம்ப்யூட்டர்களை எழுப்பிக்கொண்டிருந்திருப்பார். அந்த எரிச்சலில் வந்ததுதான் கண்டுபிடிப்பு. இன்னொன்று, ஒரே கண்டுபிடிப்புக்கு நாடு நாடாகத் தனித்தனியே பேட்டன்ட் வாங்க வேண்டும். ஒன்றிலிருந்து கிளை பிரித்தும் வாங்குவார்கள். ஆகவே 27 பேட்டன்ட் என்றால் 27 கண்டுபிடிப்பு என்று அர்த்தமில்லை.

பேட்டன்ட் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான். செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷத்துக்கு உன் சம்மதமில்லாமல் யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்கிறது. விஷயம் புதிதாக இருக்க வேண்டும், அந்தத் தொழில் தெரிந்த ஆளுக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலுக்குப் பயன்பட வேண்டும்.

அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு சங்கதி. வேலைக்குச் சேரும் அன்றைக்கே கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில், 'இங்கே கண்டுபிடிப்பது கம்பெனிக்கு' என்று ஒரு தாள் இருக்கும். பேட்டன்டில் கண்டுபிடித்தவர் என்று பெயர் வரும், உரிமையாளர் கம்பெனி. கூகுள் தேடலுக்கு அஸ்திவாரமான பேஜ்ரேங்க் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் விண்ணப்பித்து 2001-ல் கிடைத்த அந்த பேட்டன்டில் கண்டுபிடித்தவர் கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜ், உரிமையாளர் அவர் படித்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அதைப் பயன்படுத்த கூகுள் கொடுத்த பங்குகளை 2005-ல் விற்றதில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 33 கோடியே 60 லட்சம் டாலர். லாரி பேஜ் பணக்காரரானது கம்பெனி நடத்தி. சம்பளத்துக்கு இருக்கும் இன்ஜினியருக்குக் கம்பெனி ஒரு பரிசுத்தொகை கொடுக்கும், பதவி உயர்வில் அது பேசும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1970-ம் வருஷப் பேட்டன்ட் சட்டத்தின் 3-வது பிரிவில் 'கே' என்ற உட்பிரிவு, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் கணக்கு முறைக்கும் பேட்டன்ட் கிடையாது என்கிறது. புரோகிராமால் ஒரு தொழில்நுட்பப் பலன் கிடைக்கிறது என்று காட்டினால்தான் வழி. எழுதிய புரோகிராம் வரிகளுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. சட்டத்தின் கண்ணில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு! தம்பி ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறதும் கதை கவிதையும் ஒரே அலமாரிதான். தமிழில் ஃபெயில் ஆன பையன்களிடம் இதைச் சொல்வேன், சிரிப்பார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய காலேஜ் நோட்டீஸில் 'மாணவர்களுக்குப் பேட்டன்ட் நிச்சயம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். போன வருஷம் ஒரு பையன் இப்படி வாங்கிய சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினான். வாசித்துப் பார்த்தால் அது டிசைன் பதிவு. பொருளின் வெளித்தோற்றத்துக்குக் கொடுப்பது, உள்ளே அது வேலை செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. தாளில் அவன் பெயரோடு வேறு ஏழு பெயர்கள், அதில் ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை. இன்னொரு வித்தை, 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று ரெஸ்யூமேயில் போடுவது. விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் தேறுமோ தேறாதோ, அதைப் பேட்டன்ட் அலுவலகத்தின் இதழில் வெளியிட்டுவிடுவார்கள். வெளியானது என்றால் விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம், கிடைத்தது என்றல்ல. தனி ஆள் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க 4,000. எழுதித் தருகிற ஏஜென்டுக்கு மேற்கொண்டு கொடுக்க வேண்டியிருக்கும், அது நியாயம். 'பேட்டன்ட் கட்டணம்' என்று காலேஜ் லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வெளியே போன் பேசப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அவன் என்னிடம் சொன்னது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. உங்கள் கடைப் பற்று நோட்டை அவன் செல்போனில் ஏற்றியிருக்கிறான். "எங்க கடைல பேச்சிமுத்து மட்டும் ஆறு பேரு சார். ஒருத்தர் பாக்கி 640 ரூவா இன்னொருத்தர் பேர்ல ஏறிட்டு. அப்பா போய்க் கேட்டதுக்கு அவர் சண்டைக்கு வந்துட்டாரு." அப்புறம் போன் நம்பரின் கடைசி நாலு எண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான். இரண்டு குடும்பத்துக்கு ஒரே போன், நடுவில் நம்பரையும் மாற்றிவிடுகிறார்கள், அதுவும் உதவவில்லை. கடைசியில் நீங்கள் எப்படி அடையாளம் வைத்திருக்கிறீர்கள் என்று கவனித்திருக்கிறான். நீங்கள் 'வாய்க்கால் பேச்சிமுத்து', 'லாரி பேச்சிமுத்து' என்றுதானே சொல்வீர்கள். பெயர், அப்பா பெயர், தெரு, பட்டப்பேர் என்று நாலு கட்டம் போட்டு, ஏதாவது இரண்டு பொருந்தினால் 'இவர்தானா?' என்று கேட்கும்படி செய்துவிட்டான்.

அண்ணாச்சி, அந்த 27-ஐவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இதற்குப் பேட்டன்ட் கிடைக்குமா என்று தம்பி கேட்டான். கிடைக்காது என்று நேராகவே சொன்னேன், அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு பட்டியலில் இருக்கும் ஆள் ஒருவர்தானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் முறையை, கனடா நாட்டுப் புள்ளியியல் துறையில் இருந்த ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் என்ற இருவர் 1969-லேயே எழுதிவிட்டார்கள். எந்தக் கட்டம் பொருந்தினால் எவ்வளவு நம்பலாம் என்று எடை போடும் முறை அது. பட்டப்பேர் பொருந்துவதும் பெயர் பொருந்துவதும் ஒரே எடை இல்லையே! ஆஸ்பத்திரி, பேங்க், வாக்காளர் பட்டியல் எல்லா இடத்திலும் இதே தலைவலி இருக்கிறது, இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் ஆய்வுத் தாள் எழுதித் தீர்த்த பிரச்சினையில், யாரும் சொல்லித்தராமல் பாதி தூரம் நடந்து போயிருக்கிறான் உங்கள் பையன்.

1971-ல் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினியர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதல்முதலாக ஈமெயில் அனுப்பினார். அவரைச் செய்யச் சொன்ன வேலை அதில்லை. ஆள் பெயரையும், அவர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்பதையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. மனிதர் பெயரில் வராத குறியாகப் பார்த்து '@' என்பதை எடுத்தார். எந்தப் பேச்சிமுத்து, எந்தத் தெருப் பேச்சிமுத்து என்ற அதே கேள்விதான். அவர் படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். புரோகிராம் எழுதும் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி கல்லூரியில் படித்தது இயற்பியல். நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன் படித்தது கணிதம்.

இதைச் சொன்னதும் எதைப் படித்தாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டருக்கென்று தனிப் படிப்பு பெரும்பாலும் கிடையாது. இன்றைக்கு கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் டிகிரியின் பெயரைப் பார்த்துத்தான் பையன்களை வடிகட்டுகின்றன. ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக, ஊர் பேர் தெரியாத காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வயலைக் கொட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தம்பியின் அரையாண்டு மார்க் 92, 84, 80. அதாவது 92, 42, 40, மொத்தம் 174. கணக்கில் கூடும் ஒவ்வொரு மார்க்கும் முழு மார்க், மற்ற இரண்டிலும் அரை மார்க். பொதுத்தேர்வு வரைக்கும் அவன் எதில் உட்கார வேண்டும் என்று இதிலேயே தெரியும்.

கவுன்சிலிங்கில் நம்ம திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜைப் பட்டியலின் மேலே வையுங்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ், அதுவும் இல்லையென்றால் எலெக்ட்ரிகல். வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணமும் தாங்கும். 7.5 சதவீத ஒதுக்கீடு தம்பிக்கு வராது, அவன் படிப்பது உதவிபெறும் பள்ளி, அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. உங்கள் வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. கடைசி வாரத்தில் ஓடினால் தாலுகா ஆபீஸ் வரிசை உங்களுக்குத் தெரியும்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியைப் பற்றியும் கேட்டீர்கள். பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். நல்ல வழிதான், தேர்வை எழுதட்டும். ஆனால் டிகிரி கையில் வராது. அது உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா என்று நீங்கள் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது, நான் சொல்லக் கூடாது.

பேட்டன்ட் ஆசையும் வீண் இல்லை. தம்பிக்கு அந்த உலகம் நிஜமாகவே பிடித்துப்போனால் பேட்டன்ட் ஏஜென்ட் என்றே ஒரு தொழில் இருக்கிறது. அறிவியல் அல்லது இன்ஜினியரிங் டிகிரி, 21 வயது, மத்திய அரசு நடத்தும் தேர்வில் பாஸ், அவ்வளவுதான். வக்கீல் படிப்பு தேவையில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அது நாலு வருஷம் கழித்து யோசிக்க வேண்டியது.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மார்க் ஷீட்டோடு பற்று நோட்டையும் கொண்டுவாருங்கள். தம்பிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கீழத்தெருவில் தாத்தா பெயரும் பேச்சிமுத்து, பேரன் பெயரும் பேச்சிமுத்து. தெரு ஒன்று. பட்டப்பேரும் குடும்பத்தோடு வருவது, இருவரும் 'வாய்க்கால்'தான். நாலு கட்டத்தில் மூன்று பொருந்திவிடும், ஆளோ வேறு. தாத்தாவின் பாக்கியைப் பேரன் அடைக்க வந்தால் அவன் செல்போன் என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.