மேளச் சத்தத்துக்கு நடக்குறாரு, நிலைப்படியில நின்னுடுறாரு!

கேள்வி: எங்க மாமாவுக்கு 71 வயசு, 4 வருஷமா பார்க்கின்சன்ஸுக்கு மாத்திரை சாப்பிடுறாரு. கூடத்துலேருந்து கொல்லைப்பக்கம் போகணும்னா நிலைப்படிகிட்ட வந்ததும் கால் ரெண்டும் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுறாரு, கையப் புடிச்சி இழுத்தாலும் நகரல. ஆனா போன மாசம் சாமி புறப்பாடு எங்க தெருவுல வந்தப்போ தவில் சத்தம் கேட்டு எழுந்து நாலு வீடு தாண்டி நடந்துட்டாரு! வயசுல ஸ்ரீபாதம் தாங்குனவரு, அதாவது புறப்பாட்டுல சாமியத் தோள்ல தூக்குனவரு. இப்ப சொந்தக்காரங்க நடிக்கிறாருங்கறாங்க. அப்படியும் இருக்குமா?
— மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு மருமக

பதில்: நடிப்பெல்லாம் இல்லம்மா, அந்த சொந்தக்காரங்கள கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க. நாமெல்லாம் நடக்கும்போது அடுத்த அடி எப்ப வைக்கணும்னு யோசிக்கிறதே இல்ல, உள்ளுக்குள்ள யாரோ தாளம் போடுற மாதிரி தானா வந்துடும். பார்க்கின்சன்ஸுல, மூளையில டோபமின்ங்கற ரசாயனத்த சுரக்குற செல் குறையக் குறைய அந்த உள்தாளம் தப்பிப்போவுது, அதுவும் வாசப்படி, முடுக்கு, திரும்புற இடம்னா சுத்தமா நின்னுடும். வெளியிலேருந்து தாளம் வந்தா மூளை அதைப் புடிச்சிக்கிட்டு வேற வழியா காலை எடுக்க வைக்குது. நம்ம ஊர்ல தாளத்தோட ஓட்டத்துக்கே நடைன்னுதானே பேரு! புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்துல வாசிக்கிற மல்லாரி கேட்டு சாமி தூக்குன காலு வேற, கேக்கணுமா.

இது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும் இல்ல. 1996-ல அமெரிக்காவுல மைக்கேல் தாட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழுவினர் நோயாளிகள தினம் அரை மணி நேரம், 3 வாரம், தாளம் சேத்த பாட்டுக்கு நடக்க வச்சாங்க, நடை வேகம் 25 சதவீதம் கிட்ட கூடுச்சு. பயிற்சிய விட்டா பலன் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும், அதனால விடாம செய்யணும்.

வீட்டுல எப்படின்னா, மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரமா பாத்து அவரை நடக்கவிட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தன அடின்னு எண்ணுங்க. 90 வந்துச்சுன்னு வைங்க, செல்போன்ல டிக் டிக்னு தாளம் தட்டுற மெட்ரோனோம் ஆப் போட்டு 80, 82-ல வைங்க. கால் ஒட்டிக்கிறவங்களுக்கு வேகமா வச்சா குடுகுடுன்னு ஓடி முன்னாடி விழுந்துடுவாங்க, இதுலதான் நெறய பேரு தப்பு பண்றாங்க. ஆப் பிடிக்கலன்னா நீங்களே தொடையில தட்டி தகதிமி சொல்லுங்க, தகிட வேணாம், மூணா வந்தா அழுத்தம் கால் மாத்தி மாத்தி விழுந்து குழம்பிடுவாரு. தெருவுல நடக்கும்போது காதுல ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், பின்னாடி வர்ற பைக் கேக்காது.

நிலைப்படிக்கு இன்னொரு வழி இருக்கு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவரு ஒரு அடி எடுத்து வைக்கிற தூரத்துக்கு ஒண்ணா கலர் டேப்ப குறுக்கால ஒட்டுங்க, நீளவாக்குல இல்ல, அதைத் தாண்டணும்னு பாத்தாலே கால் எழும்பும். கோலமாவுல போட்டுப் பாக்கலாமேன்னு தோணும், ஈரம் பட்டா வழுக்கும், டேப்பே நல்லது.

ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க, விழுந்துடுவாரு. நிக்க வச்சி, மூச்சு விடச் சொல்லி, உடம்ப இடம் வலம் மெதுவா ஆட்டச் சொல்லிட்டு, "தக"ன்னு நீங்க சொல்லும்போது வலது கால எடுக்கச் சொல்லுங்க. மொத வாரம் பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கட்டும், முடிஞ்சா ஒரு பிசியோதெரபிஸ்ட்ட வச்சி அந்த அடிக் கணக்க ஒருதடவ சரிபாத்துக்குங்க.