களிமண் மனிதனுக்கு ஏன் பேச்சு வரவில்லை? கோலெம் கேள்வி பதில்

மண்ணைப் பிசைந்து ஓர் உருவம் செய்து, எழுத்துகளின் வலிமையால் அதற்கு உயிர் கொடுப்பது யூத மரபில் மிகப் பழைய கதை. அந்த உருவத்தின் பெயர் கோலெம். பல வருடங்களாக இந்தக் கதைகளைத் தேடிப் படித்து வருகிறேன். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: கோலெம் என்றால் என்ன அர்த்தம்? பைபிளில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில். 139ஆம் சங்கீதத்தில், தமிழ் பைபிள் ‘என் கரு’ என்று சொல்லும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். இன்னும் உருவாகி முடியாதது என்று பொருள். யூதர்களின் பழைய சட்ட, கதைத் தொகுப்பான தல்மூதில் ஆதாமைப் படைத்த நாளை மணிக்கணக்காகப் பிரித்துச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. முதல் மணியில் கடவுள் மண் சேர்த்தார், இரண்டாம் மணியில் அது கோலெம் ஆனது, நான்காம் மணியில் ஆன்மா வந்தது. அதாவது ஆதாமே கொஞ்ச நேரம் கோலெமாகக் கிடந்திருக்கிறான். இன்றைய எபிரேயத்தில் கூட்டுப்புழுவுக்கும் இதே சொல்தான்.

கேள்வி: அண்ணா, முதல் கோலெமைச் செய்தது செக் நாட்டின் பிராக் நகரத்து ரபி, அதாவது யூத மத குரு, என்று படித்தேன். சரியா?

இல்லை தம்பி. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவா என்ற அறிஞரைப் பற்றித் தல்மூதில் நான்கைந்து வரிகள் இருக்கின்றன. ராவா ஒரு மனிதனைப் படைத்து, ரபி ஸேராவிடம் அனுப்பிவைக்கிறார். ஸேரா அவனோடு பேசிப் பார்க்கிறார். பதில் இல்லை. ‘நீ என் தோழர்கள் செய்தவன். உன் மண்ணுக்கே திரும்பிப் போ’ என்கிறார். கதை அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப நான் படிக்கும் இடம் இது. அவன் நடந்து வந்திருக்கிறான், அனுப்பிய இடத்துக்குச் சரியாக வந்து நிற்கிறான். பேச்சு மட்டும் இல்லை. இந்த மரபில் கடவுள் உலகைப் படைத்ததே சொல்லால். அதனால் மனிதன் எவ்வளவு கற்றாலும் தன் படைப்புக்குப் பேச்சைக் கொடுக்க முடியாது என்று பின்னால் வந்த பலர் இதற்கு விளக்கம் எழுதினார்கள்.

கேள்வி: எப்படித்தான் உயிர் கொடுப்பார்களாம்? செய்முறை ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த எலெயாசர், ‘செஃபெர் யெட்சிரா’ என்ற பழைய நூலுக்கு உரை எழுதும்போது இதைச் சொல்கிறார். யாரும் தோண்டாத இடத்து மண்ணை எடுத்து, ஓடும் நீரில் பிசைந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் எபிரேயத்தின் 22 எழுத்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்து உச்சரிக்க வேண்டும்.

நெற்றியில் எழுதும் கதைதான் எல்லோருக்கும் தெரிந்தது. ‘எமெத்’ என்றால் உண்மை. அதன் முதல் எழுத்தான ஆலெஃபை அழித்தால் ‘மேத்’, அதாவது இறந்தவன். போலந்தின் ஹெல்ம் ஊர் ரபி எலியா செய்த கோலெம் நாளுக்கு நாள் வளர்ந்து, நெற்றி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாம். அவர் தன் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். அது குனிந்ததும் எழுத்தை அழித்தார். அத்தனை களிமண்ணும் அவர் மேலேயே சரிந்து விழுந்தது. கிரிம் சகோதரர்களில் ஒருவரான யாக்கோப் கிரிம் 1808இல் அச்சிட்ட வடிவத்தில் அவர் நசுங்கி இறந்துபோகிறார்.

கேள்வி: அப்புறம் பிராக் கதை பொய்யா? அந்த ஊருக்குப் போனால் கடைகளில் எல்லாம் களிமண் பொம்மை விற்கிறார்களே?

அந்தக் கதையில் கோலெமைச் செய்பவராக வரும் ரபி யூதா லோவ் உண்மையான மனிதர், பெரிய அறிஞர். 1609இல் இறந்தார், கல்லறை பிராக்கில் இருக்கிறது. ஆனால் அவர் தம் நூல்கள் எதிலும் கோலெம் செய்ததாகச் சொல்லவில்லை. கதை அவர் பெயரோடு அச்சில் ஒட்டிக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்ப் பழி சுமத்தப்பட்ட யூதர்களைக் காக்கும் வீரனாகக் கோலெமை நிறுத்தியது 1909இல் யூதெல் ரோசன்பெர்க் வெளியிட்ட புத்தகம். பழைய கையெழுத்துப் பிரதி என்று சொல்லி அவரே எழுதியது அது. அதற்காக அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் மீது படுகொலைகள் நடந்துகொண்டிருந்தன. காவலுக்கு ஒருவன் வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

கேள்வி: ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கொல்லமும் இதுதானா? மைன்கிராஃப்டில் வரும் இரும்பு கோலெம்?

கொல்லம் வேறு. தொண்டையில் அவன் எழுப்பும் சத்தத்தால் வந்த பெயர் அது. மைன்கிராஃப்டில் வருவது இதே பெயர்தான். கிராமத்தைக் காக்கும் ஊமைக் காவலன் என்ற வேலையும் பிராக் கதையை நினைவூட்டுகிறது.

கேள்வி: கணினிக்கும் இந்தப் பெயர் வைத்தார்களாமே?

ஆமாம். 1965இல் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில், வைஸ்மன் நிறுவனத்தின் புதிய கணினிக்கு ‘கோலெம் ஆலெஃப்’ என்று பெயர் வந்தது. யூத மறைஞான ஆய்வில் முன்னோடியான கெர்ஷோம் ஷோலெம் சொன்ன பெயர் அது. திறப்பு விழாவிலும் அவரே பேசினார்.

கேள்வி: ஒரு கோலெமை அழித்தால் அது கொலையா சார்? உங்கள் கருத்து வேண்டும்.

என் கருத்தைவிட ஹெல்ம் ரபியின் வம்சத்தில் வந்த ரபி ட்ஸ்வி அஷ்கெனாசி சொன்னது முக்கியம். யூதர்களின் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள், பத்தாவதாகக் கோலெமைச் சேர்க்கலாமா என்று அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. 1712இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய சட்ட விளக்க நூலில் 93ஆவது கேள்வியாக அது நிற்கிறது. தம் முன்னோர் ஒருவர் நிஜமாகவே கோலெம் செய்தவர் என்று நம்பியவர் அவர்.

விடைக்காக அவர் ரபி ஸேராவிடமே திரும்பிப் போகிறார். அந்த மண் மனிதனைப் பத்தில் ஒருவனாக எண்ண முடியுமானால், அவனால் அந்த அளவு பயன் இருந்திருக்கும். அப்படிப் பயனுள்ளவனை ஸேரா உலகத்திலிருந்து அகற்றியிருக்க மாட்டார். ஆகவே சேர்க்கக் கூடாது. தாய் வயிற்றில் உருவாகாதவன் என்பதால் அவனை அழிப்பது கொலையும் ஆகாது. நான் அவரோடு பாதிதான் உடன்படுகிறேன். ஸேரா அவனைத் திருப்பி அனுப்புமுன் ‘நீ’ என்று கூப்பிட்டல்லவா பேசினார்.