கடவுள் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் கிடைக்கும்வரை பிரார்த்தனையை நிறுத்தி வைக்க வேண்டுமா?

வேண்டாம். நிரூபணம் தேடுவது ஒரு வேலை, கடவுளிடம் பேசுவது வேறு வேலை. ஒன்றுக்காக மற்றது காத்திருக்கத் தேவையில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதங்களையே மாதக்கணக்கில் படிப்பதாகச் சொல்கிறீர்கள். அதனால் அவரைப் பற்றிப் பேசுவது கூடி, அவரிடம் பேசுவது நின்றுபோயிருக்கலாம். கணித மேதை பாஸ்கல், 1654 நவம்பர் 23 இரவு நேர்ந்த அனுபவத்தை ஒரு தாளில் எழுதினார்: ஆபிரகாமின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுள் அல்ல. பைபிளில் வரும் ஆபிரகாம், கடவுளோடு நேரில் பேசியவர். 1662இல் பாஸ்கல் இறந்தபின், அந்தத் தாள் அவர் சட்டைக்குள் தைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். இரவு விளக்கை அணைத்தபின், அன்று மனதை அரித்த ஒரே விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீ இருக்கிறாயா என்றே தெரியவில்லை” என்பதுதான் அது என்றாலும் சரி. அப்புறம் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

இதை வைத்து யாரையும் வாதத்தில் வெல்ல முடியாது. ஒன்றுமே உணராத இரவுகளும் வரும்; எனக்கு நிறையவே வந்திருக்கின்றன.