யோனாஸுக்கு மார்த்தா என்ன முறை?

'டார்க்' என்ற ஜெர்மன் தொடரின் முதல் சீசன் 2017 டிசம்பர் 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸ என்ற இருவர் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது. மூன்று சீசன்கள், மொத்தம் 26 எபிசோடுகள். வின்டன் என்ற கற்பனைச் சிற்றூரில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். கதையின் நாயகன் அந்த ஊர்ப் பள்ளி மாணவன் யோனாஸ். தேடப் போனால் நான்கு குடும்பங்கள் மூடி வைத்த ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகள் முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடான 'உண்மைகள்' பற்றியவை. அந்த எபிசோடு வரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படியுங்கள். கடைசிக் கேள்வி மட்டும் இரண்டாம் சீசனைத் தொடுகிறது.

இது பேய்த் தொடரா, அறிவியல் தொடரா? பறவைகள் செத்து விழுகின்றன, விளக்குகள் தானாக அணைகின்றன. ஆனால் பேய் வரவே இல்லையே? (வாசகர், ஈரோடு)

பேய் வராது. பார்க்கும்போது அமானுஷ்யமாகத் தெரிகிற எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: ஊரின் அணுமின் நிலையமும், அதையொட்டிய குகைக்குள் திறந்துகொண்ட காலப் பாதையும். அந்தப் பாதை 1953, 1986, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளை இணைக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் முதல் சீசனுக்குப் போதும். இயற்பியலைத் துரத்திக்கொண்டு போனால் குடும்பக் கதையைக் கோட்டை விடுவீர்கள்.

ஐந்தாவது எபிசோடின் கடைசியில் யோனாஸ் ஒரு கடிதம் படிக்கிறான். இரண்டு முறை பார்த்தும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

முதலில் தேதிகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூன் 21 அன்று யோனாஸின் அப்பா மிகாயேல் கான்வால்ட் தற்கொலை செய்துகொள்கிறார். அவர் விட்டுச் சென்ற உறையின் மேல் 'நவம்பர் 4, இரவு 10:13க்கு முன் திறக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. அவருடைய அம்மா இனெஸ் அந்த உறையை வைத்துக்கொண்டு நேரம் ஆகும்வரை காத்திருந்து திறப்பதை முதல் எபிசோடிலேயே காட்டிவிடுகிறார்கள். அதே நவம்பர் 4 இரவில்தான் நீல்சன் குடும்பத்தின் கடைக்குட்டி, 11 வயது மிக்கெல், குகையருகே காணாமல் போகிறான்.

இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஐந்தாவது எபிசோடு. ஊரில் வந்து தங்கியிருக்கும் அந்நியர் ஒருவர், ஓட்டல் நடத்தும் ரெகினாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து யோனாஸிடம் சேர்க்கச் சொல்கிறார். அதற்குள் அந்தக் கடிதம் இருக்கிறது. காணாமல் போன சிறுவன் 1986க்குப் போய்ச் சேர்ந்தான், அங்கேயே தங்கினான், வளர்ந்தான், மிக்கெல் மிகாயேல் ஆனான் என்கிறது கடிதம். ஊரே தேடிக்கொண்டிருக்கும் பையன்தான் ஜூன் மாதம் செத்துப்போன யோனாஸின் அப்பா.

இனெஸ் அவனைப் பெற்றவள் அல்ல. 1986இல் மருத்துவமனை நர்ஸாக இருந்து, ஆதரவற்று வந்த சிறுவனைத் தன் பிள்ளையாக வளர்த்தவள். இது தெரியாவிட்டால் கான்வால்ட் என்ற குடும்பப் பெயர் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் போகும். இரண்டு முறை பார்த்தும் பிடிபடவில்லை என்றால் பெரும்பாலும் இனெஸைத் தவறவிட்டிருப்பீர்கள்.

சப்டைட்டிலில் மார்த்தாவை 'ஆன்ட்' என்கிறார்கள். யோனாஸுக்கு அவள் சித்தியா, அத்தையா, பெரியம்மாவா? (வாசகி, கோயம்புத்தூர்)

அத்தை. இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள நம் மொழியில் இருக்கிற வசதி இதுதான். ஆங்கிலச் சொல் எந்த வழி உறவு என்று சொல்வதில்லை. அப்பாவழியா, அம்மாவழியா, மூத்தவரா, இளையவரா என்பதை நம் முறைப்பெயர் ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

கணக்கைப் பாருங்கள். உல்ரிக், கத்தரினா தம்பதிக்கு மூன்று பிள்ளைகள்: மாக்னுஸ், மார்த்தா, மிக்கெல். மிக்கெல்தான் யோனாஸின் அப்பா என்றால், அப்பாவின் அக்கா மார்த்தா அவனுக்குப் பெரிய அத்தை. மாக்னுஸ் பெரியப்பா. உல்ரிக் தாத்தா. அவன் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை கத்தரினா, அவனுடைய சொந்தப் பாட்டி. 1986இல் காணாமல் போன மாட்ஸ் உல்ரிக்கின் தம்பி, ஆகவே யோனாஸுக்குச் சின்னத் தாத்தா.

யோனாஸும் மார்த்தாவும் ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். நம் ஊரில் அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறை, அத்தையோ தாய்க்குச் சமம். இந்த ஒரு தலைமுறை வித்தியாசம் தெரிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய இடி என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொரு முறையையும் சொல்லிப் பாருங்கள், அது இதைவிடக் கனமானது. யோனாஸின் அம்மா ஹன்னா, உல்ரிக்கோடு ரகசிய உறவில் இருக்கிறாள். ஹன்னாவின் கணவர் மிகாயேல், உல்ரிக்கின் மகன் மிக்கெல். அப்படியென்றால் உல்ரிக் ஹன்னாவுக்கு மாமனார். இருவருக்குமே அது தெரியாது. சின்ன வயதிலிருந்து அவள் பொறாமைப்பட்ட கத்தரினா அவளுக்கு மாமியார்.

குடும்ப வரைபடம் வரைய முயன்றேன். மூன்று முறையும் குழம்பி, தாளைக் கிழித்துப் போட்டேன். எப்படி வரைவது? (வாசகர், மதுரை)

ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டிருப்பீர்கள். 1953க்கு ஒன்று, 1986க்கு ஒன்று, 2019க்கு ஒன்று. எல்லாரும் செய்யும் தவறு இது. அப்படிப் போட்டால் மிக்கெல் 1986 கட்டத்தில் போய் விழுவான், அதே கட்டத்தில் பள்ளிப் பையனாக அவனுடைய அப்பா உல்ரிக் நிற்பார். பார்க்க இருவரும் அண்ணன் தம்பி போல ஆகிவிடும். அங்கிருந்து எல்லா உறவும் ஒரு படி தப்பும்.

படிக்கட்டு ஆண்டுப்படி இருக்கக் கூடாது, தலைமுறைப்படி இருக்க வேண்டும். யார் வயிற்றில் யார் பிறந்தார் என்பது மட்டுமே வரிசையைத் தீர்மானிக்கட்டும். ஒரு முழுச் சார்ட் பேப்பரைக் குறுக்குவாட்டில் வைத்து நான்கு வரிசை போடுங்கள். முதல் வரிசையில் டிரொன்டெ, யானா. இரண்டாவதில் அவர்களுடைய பிள்ளைகள் உல்ரிக், மாட்ஸ், உல்ரிக்கின் மனைவி கத்தரினா. அதே வரிசையின் ஓரத்தில், வளர்ப்புத் தாய் என்பதால், இனெஸ். மூன்றாவதில் மாக்னுஸ், மார்த்தா, மிக்கெல், அவன் பக்கத்தில் ஹன்னா. நான்காவதில் யோனாஸ் ஒருவன்தான்.

மிக்கெலின் வட்டத்துக்குள்ளேயே 'மிகாயேல்' என்றும் எழுதுங்கள். இரண்டு வட்டம் போட்டால் காரியம் கெட்டது. முடித்துவிட்டு எண்ணிப் பாருங்கள்: பெயர்கள் 12, ஆட்கள் 11. பன்னிரண்டு வட்டம் வந்திருந்தால் எங்கோ அவனைப் பிரித்துவிட்டீர்கள்.

கோடுகளுக்கு வருவோம். பெற்ற உறவுக்குக் கறுப்பு, கல்யாணத்துக்கு நீலம், வளர்ப்பு உறவுக்குப் பச்சை (இங்கே இனெஸிலிருந்து மிக்கெலுக்கு ஒரே ஒரு கோடு), காலம் தாண்டியதற்குச் சிவப்புப் புள்ளிக்கோடு. சிவப்புக் கோடு ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்குப் போகக் கூடாது. அது ஒருவரின் வட்டத்திலேயே கிளம்பி அங்கேயே முடியும். மேலே '2019-1986' என்று எழுதினால் போதும். உல்ரிக்-ஹன்னா உறவைப் பென்சிலால் போடுங்கள். அது இரண்டாம் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குச் சரிந்து இறங்கும். மற்ற ஜோடிக் கோடெல்லாம் படுக்கையாக இருக்க, இது ஒன்று மட்டும் சாய்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஹன்னாவை எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். அவள் உல்ரிக், கத்தரினாவோடு ஒரே காலத்தில் வளர்ந்தவள். ஆனாலும் மருமகள் என்ற முறையில் அவள் இடம் மூன்றாம் வரிசைதான். டீடமன், டாப்ளர் குடும்பங்களுக்கு இன்னொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது எபிசோடுக்கு அவை இந்தத் தாளில் வேண்டியதில்லை.

பாதி காட்சிகள் இருட்டாகவே இருக்கின்றன. டிவி பழுதா? (வாசகர், வேலூர்)

டிவி பழுதாக இருக்க வாய்ப்பில்லை. தொடரே மங்கலான ஒளியில் எடுக்கப்பட்டது. பகலில் ஜன்னல் திறந்த அறையில் பார்த்தால் குகைக் காட்சிகள் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள். படத்தின் அமைப்பை 'விவிட்' என்பதிலிருந்து 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைக்கும் சென்சாரையும் மின்சார சேமிப்பு முறையையும் நிறுத்திவிடுங்கள். 'விவிட்' பளிச்சென்று இருந்தாலும் நிழலுக்குள் இருக்கும் விவரங்களை விழுங்கிவிடும்.

இருட்டுப் பகுதியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் காரணம் இணைய வேகம். முழு எச்டி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. வேகம் குறையும்போது முதலில் அடிபடுவது இருட்டுக் காட்சிகள்தான்.

ஆங்கில டப்பிங்கில் பார்க்கலாமா? (வாசகி, சேலம்)

வேண்டாம். ஜெர்மன் ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டும் தனித்தனியாக உண்டு: 'டூ', 'சீ'. யார் யாரிடம் எவ்வளவு நெருக்கம் என்பது அதில் காதில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. ரகசிய உறவுகள் நிறைந்த கதையில் அது பெரிய இழப்பு. மொழிப் பட்டியலில் 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்று சேர்ந்திருப்பதைத் தொட்டுவிடாதீர்கள். அது பார்வையற்றோருக்காகக் காட்சியை விவரிக்கும் ஒலித்தடம்.

அது ஏன் 33 ஆண்டு? சும்மா ஒரு எண்ணா? (வாசகர், யாழ்ப்பாணம்)

சும்மா இல்லை. சூரியச் சுற்றும் சந்திரச் சுற்றும் 33 ஆண்டுக்கு ஒரு முறை ஒத்துப்போவதாகத் தொடரில் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது. 33 சூரிய ஆண்டு சுமார் 12,053 நாள். 354.37 நாள் கொண்ட சந்திர ஆண்டுகள் 34 சேர்ந்தால் சுமார் 12,048.5 நாள். வித்தியாசம் நாலரை நாள்தான். ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் பழையபடி அதே பருவத்துக்கு வந்துசேர்வதும் இதே கணக்கால்தான். அந்த ஒற்றுமை குகைக் கதவைத் திறக்கும் என்பது மட்டும் கற்பனை.

பெட்டியில் கடிதத்தோடு இருந்த மற்ற பொருள்கள் எதற்கு? (வாசகர், திருநெல்வேலி)

ஒரு விளக்கு, ஒரு கைகர் கருவி. குகைக்குள் வழி காணத்தான் இரண்டும். கைகர் கருவி கதிர்வீச்சை அளப்பது, பாதையை நெருங்கினால் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஒரு சிவப்புக் கயிறு வழிகாட்டியாகப் போகும், ஆறாவது எபிசோடில் பார்ப்பீர்கள். மார்த்தா பள்ளி நாடகத்தில் அரியாட்னேயாக நடிப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கிரேக்கக் கதையில் சிக்கல் பாதையிலிருந்து காதலன் வெளியே வர நூல் கொடுத்தவள் அவள்.

பத்தாம் வகுப்பு மகனோடு சேர்ந்து பார்க்கலாமா? (வாசகி, சென்னை)

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். தொடர் தொடங்குவதே மிகாயேலின் தற்கொலையில்தான். சிறுவர்களின் சடலங்கள் கண்கள் கருகிய நிலையில் காட்டப்படுகின்றன, படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. வீட்டில் அண்மையில் அப்படியொரு சாவு நேர்ந்திருந்தால் இப்போதைக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

இரண்டாம் சீசனையும் முடித்துவிட்டேன். அந்தக் கடிதத்தை உண்மையில் முதன்முதலில் எழுதியது யார்? (வாசகர், சிங்கப்பூர்)

யாரும் இல்லை என்பதுதான் பதில். இரண்டாம் சீசனின் ஆறாவது எபிசோடில் யோனாஸ், அப்பா இறப்பதற்கு முன்னால் போய் நின்று அதைத் தடுக்கப் பார்க்கிறான். கடிதத்தைக் காட்டுகிறான். மிகாயேலோ அப்படியொரு கடிதத்தைத் தான் எழுதவே இல்லை என்கிறார். சாகும் எண்ணமே அதுவரை அவருக்கு இல்லை. மகன் கொண்டுவந்த கடிதத்தைப் படித்த பிறகுதான் அவர் அதை எழுத வேண்டியவர் ஆகிறார். வட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி கிடையாது. கடிகாரக்காரர் டான்ஹவுஸ் காலப் பயணம் பற்றி எழுதிய புத்தகமும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் முதல் சீசனிலேயே யோனாஸ் சிறுவன் மிக்கெலை 2019க்குத் திருப்பிக் கூட்டிவந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஏழாவது எபிசோடில் அவன் அதற்குத்தான் கிளம்புகிறான். அந்நியர் தடுத்துவிடுகிறார். மிக்கெல் திரும்பினால் கத்தரினாவுக்கு மகன் கிடைப்பான், ஆனால் ஹன்னாவை மணக்க மிகாயேல் இருக்க மாட்டான், யோனாஸ் பிறக்கவே மாட்டான். பாட்டிக்கு அவளுடைய பிள்ளையைக் கொடுக்க வேண்டுமென்றால் பேரன் தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்ள வேண்டும். நவம்பரில் ஊரெங்கும் மகனைத் தேடி அலைகிற கத்தரினாவை இனி அடுத்த முறை பார்க்கும்போது, ஜூனில் இறந்த மிகாயேலையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.