டெல்லி 2010: நகரத்துக்கு மெட்ரோ வந்தது, எனக்கு ஹாஸ்டல் போனது

கேள்வி: ஒலிம்பிக், காமன்வெல்த் மாதிரி பெரிய விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதால் அந்த ஊருக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறதே?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது நான் அங்கே எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். போட்டிக்காக ஹாஸ்டலை விட்டு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் இருக்கும். எனக்கு விளையாட்டு பிடிக்கும், நாட்டுப்பற்றும் உண்டு. 'உங்களுக்கு எதைச் செய்தாலும் குறைதான்' என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுப் போடவும்.

கேட்டவர் அகமதாபாத்துக்கு வேலை மாற்றலாகிப் போனவர், இல்லையென்றால் அங்கே பிளாட் வாங்கலாமா என்று யோசிக்கிறவர் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கு இந்தக் கவலை வரப்போகிறது?

பத்து வருடமாக ஒழுகுகிற கூரைக்கு, வீட்டில் கல்யாணம் வைத்தால்தான் விடிவு பிறக்கும். தேதி குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று சொல்ல முடியாதே. நகரமும் அப்படித்தான். கல்யாணம் முடிந்த பிறகும் கூரை இருக்கும். வாசலில் போட்ட பந்தலை மறுநாளே பிரித்துவிடுவார்கள். டெல்லியில் இரண்டையும் பார்த்தேன்.

கூரையை முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் அநியாயம். விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் அந்த வருடம் ஜூலையில் திறந்தது. மெட்ரோ குர்கான் வரைக்கும் போனது. மத்தியச் செயலகத்திலிருந்து சரிதா விஹார் போகும் பாதை, போட்டி தொடங்கிய அக்டோபர் 3 அன்றே ஓட ஆரம்பித்தது. டெல்லி மெட்ரோ 2002-இலிருந்தே ஓடுகிறது, போட்டி இல்லாவிட்டாலும் பாதைகள் நீண்டிருக்கும் என்பீர்கள். சரிதான், ஆனால் 2010-க்குள் நீண்டிருக்காது. விமான நிலையத்துக்கான மெட்ரோவைப் பாருங்கள். போட்டிக்கு என்று சொல்லிக் கட்டியது, விருந்தாளிகள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு 2011 பிப்ரவரியில் திறந்தது. ஆனாலும் திறந்தது. நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

இப்போது என் கதை. அந்த வருடம் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். போட்டிக்கு வரும் விருந்தினர்களைத் தங்கவைக்க ஹாஸ்டலைப் புதுப்பிக்கிறார்களாம். அறைகளை முழுதாகக் காலி செய்ய வேண்டும். போட்டி முடிந்த பிறகுதான் திரும்ப வரலாம். (கல்லூரிப் பெயர் வேண்டாம். எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. பல ஹாஸ்டல்களில் இதே கதை, போராட்டமெல்லாம் நடந்தது.)

'ஜூலையில் வகுப்பு தொடங்குமே, நாங்கள் எங்கே தங்குவது மேடம்?' என்று வார்டனிடம் போய்க் கேட்டோம். 'நாட்டுக்காக நாலு மாதம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள முடியாதா பேட்டா?' என்றார். இன்றைக்கும் யாராவது 'பேட்டா' என்றால் எனக்குச் சுருக்கென்கிறது.

ஜூலையில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் ஒண்டினோம். கோட்டயத்துக்காரி ஒருத்தி, இம்பால், பாட்னா, நான். மூன்றாவது மாடி, மொட்டை மாடியை ஒட்டிய அறை, கழிப்பறைக்குத் தகரக் கூரை. அதுவரை 4,000 ரூபாய்க்கு விட்ட அறைக்கு வீட்டுக்கார ஆன்ட்டி 7,000 கேட்டார். ஏன் என்றால் ஒரே பதில்: 'கேம்ஸ் ஹை நா', அதாவது 'போட்டி நடக்கிறதே'. அந்த நாலு மாதமும் ஆட்டோக்காரரிலிருந்து காய்கறி வண்டிக்காரர் வரை எல்லாருக்கும் அதே பதில்தான். போதாக்குறைக்கு அந்த வருடம் பேய்மழை, யமுனையில் வெள்ளம், ஊரெல்லாம் டெங்கு. இம்பால் தோழிக்கும் வந்தது. இரவு பதினோரு மணிக்கு அவளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் சாய்த்து உட்காரவைத்து, தோண்டிப் போட்ட சாலைகளில் பள்ளம் பள்ளமாக மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

செப்டம்பர் 21 அன்று நேரு ஸ்டேடியம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் காயம். அப்புறம் ராணுவம் வந்து சில நாட்களில் வேறொரு பாலம் போட்டது. குரங்குகளை விரட்ட லங்கூர் குரங்குகளைக் காவலுக்கு நிறுத்தியதும் அதே நேரத்தில்தான். இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள், பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் தட்டிகள். குடிசைப் பகுதிகள் வெளியூர்க்காரர் கண்ணில் படாமல் இருக்க, சாலையோரம் நீளமாகத் திரை மாதிரி பேனர் கட்டினார்கள். அதில் போட்டியின் சின்னமான ஷேரா என்கிற புலி சிரித்துக்கொண்டிருக்கும். நான் பேருந்திலிருந்து பார்த்த ஒன்றில் புலியின் காலுக்குக் கீழே துணியை யாரோ நீளவாக்கில் கிழித்திருந்தார்கள். அந்தக் கிழிசல் வழியாக ஒரு அம்மா முதலில் பிளாஸ்டிக் குடத்தை வெளியே நீட்டினார், அப்புறம் குனிந்து தானும் வந்தார், புடவையைச் சரிசெய்துகொண்டு தண்ணீர் லாரியைப் பார்த்து நடந்தார். அவருக்கு அது வாசல்.

அன்று இரவு ஊரிலிருந்து மாமா போன் செய்தார். 'டெல்லி சிங்கப்பூர் மாதிரி ஆயிடுச்சேம்மா, டிவில பார்த்தேன்!' தொடக்க விழாவில் மைதானத்துக்கு மேலே பறந்த ராட்சச பலூன் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அந்தச் சிங்கப்பூரில் நாங்கள் பக்கெட்டில் தண்ணீர் சுமக்கிறோம் என்றேன். 'உனக்கு எப்பவும் குறைதான்' என்றார். நகரத்துக்கு விளம்பரம் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும், மாமா மாதிரி லட்சக்கணக்கான பேரிடம். உள்ளே இருப்பவர்கள்தான் அந்த விளம்பரத்தோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

இவ்வளவு புலம்புகிற நான் அக்டோபர் 11 அன்று என்ன செய்தேன் தெரியுமா? தோழிக்கு யாரோ கொடுத்த டிக்கெட்டில் நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். பெண்கள் வட்டெறிதல். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் நமக்கு. 1958-இல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவின் முதல் தங்கம் கிருஷ்ணா பூனியாவுடையது. மூன்று கொடியும் சேர்ந்து ஏறியபோது தொண்டை அடைத்து என்னால் பாடவே முடியவில்லை. பக்கத்தில் நின்ற பாட்னாக்காரி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அந்த அரை மணி நேரத்துக்கு 7,000 வாடகை தகும் என்றுகூட அன்று சொன்னேன். மறுநாள் சொல்லவில்லை.

போட்டி முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பினோம். சுவரெல்லாம் புது வர்ணம். எங்களுக்கு முன்னால் இருந்த அக்காக்கள் ஜன்னலோரம் எழுதிவைத்திருந்த பெயர்கள் காணாமல் போயிருந்தன. கட்டிலில் புது மெத்தை, கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். யார் வந்து தங்கினார்கள் என்று காவலாளி பையாவிடம் கேட்டோம். இரண்டு கையையும் விரித்தார். யாருமே வரவில்லையாம். யாரோ ஒரு ஆஸ்திரேலியாக்காரி அந்தக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். குளியலறையில் பளபளவென்று புதுக் குழாய். திறந்தால் காற்று வந்தது.

'டெல்லி மட்டும்தான் உலகமா, பார்சிலோனாவைப் பார்' என்பார்கள். பார்த்தேன். 1992 ஒலிம்பிக்கை வைத்து அவர்கள் கடலோரத்தை மறித்துக் கிடந்த ரயில் பாதைகளையும் பழைய தொழிற்சாலைகளையும் அகற்றினார்கள், சுற்றுச்சாலை போட்டார்கள், கடற்கரையை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். போட்டி இல்லாவிட்டாலும் அந்த ஊருக்குத் தேவைப்பட்ட வேலைகள் அவை. விளம்பரம் பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. 2024-இல் உள்ளூர்க்காரர்கள் வாடகை ஏற்றம் தாங்காமல் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். மாண்ட்ரியல் 1976-இல் நடத்திய ஒலிம்பிக் கடனை அடைத்து முடித்தது 2006-இல். லாஸ் ஏஞ்சலிஸ் 1984-இல் பெரும்பாலும் இருக்கிற மைதானங்களை வைத்தே ஒப்பேற்றி, 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. செலவு எகிறுகிறது என்று சொல்லி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் வேண்டாமென்று 2023-இலேயே ஒதுங்கியது, அதைத்தான் கிளாஸ்கோ சுருக்கமாக நடத்த எடுத்துக்கொண்டது. பணக்காரர்கள் கைகழுவிய பந்தி என்று இதைச் சொல்லலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், விடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் குறைவு என்றாலும். டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் மதராசி கேம்ப் என்று நம் ஆட்கள் பல தலைமுறையாக வாழ்ந்த குடிசைப் பகுதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். விளையாட்டு வீரர்கள் சிக்னலில் நிற்காமல் நேரு ஸ்டேடியம் போய்ச் சேர அந்தக் கால்வாய் மேலேயே உயர்மட்டச் சாலை போட்டார்கள். 'அக்கா, ஒலிம்பிக் பஸ் போகுது' என்று பிள்ளைகள் பாடத்தை விட்டு ஓடுவார்கள், நான் 'காமன்வெல்த்' என்று திருத்துவேன். 2025 ஜூன் 1 அன்று அந்தப் பகுதியை நீதிமன்ற உத்தரவுப்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு, அதுவும் ஊரின் மறுகோடியில் நரேலாவில். காரணம், கால்வாயைத் தூர்வார வேண்டும். இது போட்டியால் நடந்தது என்று நான் சொல்லவில்லை, வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள். கால்வாய்க்கு மேலே சாலை போட ஒரு தேதி இருந்தது, கால்வாயைத் தூர்வாரத் தேதி இல்லை, பதினைந்து வருடம் கழித்து ஞாபகம் வந்தபோது நடுவில் இருந்தவர்கள் போனார்கள். அவ்வளவுதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அகமதாபாத்தில் 1,30,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் ஏற்கெனவே இருக்கிறது, மெட்ரோவும் ஓடுகிறது. டெல்லி அளவுக்கு அரக்கப்பரக்க ஓட வேண்டியிருக்காது என்று நம்புவோம். வாடகை வீடு என்றால் 2030 வரைக்குமான ஏற்றத்தை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது, அங்கேயும் ஒரு 'கேம்ஸ் ஹை நா' வரும். தம்பி தங்கை யாராவது ஹாஸ்டலில் படிக்கிறார்கள் என்றால் காப்புத்தொகை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பை முடித்துக் கிளம்பும்போது என் 3,000 ரூபாயைக் கேட்டேன். புது மெத்தைக்குக் கழித்துக்கொண்டார்களாம்.