கொழும்பில் உள்ளூர்ச் சாப்பாடும் உடுப்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சேர்ந்து கிடந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். சாப்பாடு, துணி, வீட்டுக் குப்பை மூன்றைப் பற்றியும் சொல்வேன். சீனி வருத்தத்துக்கு எந்த அரிசி நல்லது என்று கேட்டவர்கள் தயவுசெய்து டொக்டரிடம் கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து: அக்கா, வருஷம் முழுக்க "உள்ளூர் மீன்" என்று ஒரே மீனையே விற்கிறார்கள். நம்பலாமா?

கடல் அப்படி இல்லையே. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று. நீர்கொழும்பு, கொழும்பு, பேருவளைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், சிறிய வள்ளங்கள் அதிகம் இறங்காது. அந்த மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புக் கரை அமைதியாக இருக்கும். அங்கிருந்து வரும் மீனைத் தேடுங்கள். கார்த்திகைக்குப் பிறகு வடகீழ்க் காற்று தொடங்கியதும் எல்லாம் மாறி, நம்முடைய மேற்குக் கரை மீன் நன்றாக வரும்.

மீன்காரரிடம் "இது எந்தக் கரை மீன்?" என்று கேட்டுப் பழகுங்கள். இரண்டு மூன்று தடவை கேட்டால் பிறகு அவரே சொல்லத் தொடங்குவார். அப்புறம், தினமும் பெரிய மீன் துண்டுதான் வேண்டும் என்றில்லை. சூடையும் சாளையும் மலிவு. செவுள் சிவந்து, கண் தெளிந்து, வயிறு இறுக்கமாக இருந்தால் வாங்குங்கள். வயிறு வெடித்த சூடையைத் தொடவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: புறக்கோட்டை மெனிங் சந்தையில் விடியவே போனால் மரக்கறி மலிவா?

மெனிங் சந்தை 2020 இலேயே பேலியகொடைக்குப் போய்விட்டது. அதுவும் மொத்த வியாபாரம். வீட்டுக்கு வாங்க நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம் போதும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: மத்தியானம் சோற்றுப் பார்சல்தான். சோறு சுற்றும் லஞ்ச் ஷீட் (பொலித்தீன் தாள்) இல்லாமல் எப்படி வாங்குவது?

மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பிறகு பழகிவிடும். வாழையிலையில் கட்டித் தரும் கடை கிடைத்தால் அதை விடாதீர்கள். சோறும் கறியும் சேர்த்துக் கட்டும் லம்ப்ரைஸை இன்றைக்கும் வாழையிலையில் தானே கட்டுகிறார்கள்? அந்த இலை வாசம்தான் அதன் பாதி ருசி.

பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு அன்று மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். நாம் வீசியதுதான் அந்த மேடு. அதை மறந்துவிட்டு இன்னும் சோற்றைப் பொலித்தீனில் சுற்றி வாங்குகிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை. உங்கள் உடம்புக்காகவும் சொல்கிறேன்: கொதிக்கக் கொதிக்கச் சோற்றையோ கறியையோ பிளாஸ்டிக்கில் போடாதீர்கள். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ளவை சாப்பாட்டுக்குள் இறங்கும்.

ஹவ்லொக் டவுனிலிருந்து: கைத்தறி என்று வாங்கிய சாரம் உண்மையில் கைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. துணியைத் திருப்பிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் கைத்தறி என்று பலர் சொல்வார்கள். அது போதாது. அச்சடித்த துணியா நெய்த துணியா என்பதுதான் அதில் தெரியும். மின்தறித் துணியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

துணியை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். மின்தறி ஒவ்வொரு ஊடை இழையையும் (குறுக்கே ஓடும் நூலை) ஒரே பலத்தில் அடிக்கும். கையால் அடிக்கும்போது சில இடத்தில் இழை நெருங்கியும் சில இடத்தில் கொஞ்சம் இளகியும் நிற்கும். கரையை விரலால் தடவினால் அங்கேயும் சின்ன ஏற்றத்தாழ்வு தெரியும். இவற்றைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள். நெய்தவரின் கை அங்கேதான் இருக்கிறது.

எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். காலி வீதியில் பேர்ஃபுட் கைத்தறிக் கடை இருக்கிறது, பாபரா சன்சோனி 1964 இல் தொடங்கியது. நிறச் சேர்க்கைக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை, விலையும் அதற்கேற்றபடிதான். நாளாந்தம் உடுத்த மருதமுனைச் சாரமும் சாரித் துணியும் தேடுங்கள். கல்முனைக்குப் பக்கத்து ஊர், தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடும் ஊர். 2004 சுனாமி அந்த ஊரையும் அடித்தது, அதற்குப் பிறகும் நெசவை விடவில்லை. நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. ஆனால் நெசவுக் கூலி இங்கே, நம் ஆட்களின் வீட்டுக்குப் போகிறது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் தோய்த்து, உட்புறம் வெளியே வரும்படி நிழலில் காயப்போடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: "மக்கும் பை" என்று எழுதிய சொப்பிங் பை பாவிக்கலாமா?

மக்கும் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கூட்டுப்பசளையாகவே மாறுவது. மற்றது, மருந்து சேர்த்த பொலித்தீன். அது வெயிலில் துகள்துகளாக உதிரும், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் கிடக்கும். பையில் வெறுமனே "மக்கும்" என்று போட்டிருந்தால் இரண்டாவது வகை என்றே எடுங்கள். துணிப் பை கொண்டுபோனால் இந்தக் கேள்வியே வராது.

கிருலப்பனையிலிருந்து: பச்சை நிற மக்கும் பை நல்லதா?

மேலே பாருங்கள். நிறத்தில் ஒன்றும் இல்லை.

மருதானையிலிருந்து: மக்கும் பையில் சூடான சொதி வாங்கலாமா?

வாங்கக் கூடாது. சூடான எதையும் எந்தப் பையிலும் வாங்காதீர்கள். இந்தப் பைக் கேள்விக்கு இனிமேல் பதில் எழுதமாட்டேன்.

கல்கிசையிலிருந்து ஒரு ஐயா: மைசூர்ப் பருப்பு உள்ளூர்ச் சாப்பாடு இல்லை என்று போன தடவை எழுதியிருந்தீர்கள் பிள்ளை. பருப்பில்லாத சோறு எப்படி? எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து சமைக்கிறோம்.

ஐயா, சமையல் நம்முடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த பருப்புக்கறி நம் வீட்டுக் கறிதான். ஆனால் அந்தப் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருகிறது. "உள்ளூர் உணவு" என்று பலகை வைத்து அதற்கு இரட்டை விலை வாங்குவதைத்தான் குறை சொன்னேன்.

மட்டக்குளியிலிருந்து: பருப்புக்குப் பதிலாகப் பயறு சமைக்கச் சொல்கிறீர்கள். பயறு என்ன விலை தெரியுமா அக்கா? நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் பருப்புத்தான் கட்டும்.

தெரியும் தங்கச்சி, நீங்கள் சொல்வது சரி. பருப்பு மலிவு, சீக்கிரம் அவியும், பிள்ளைகளுக்குப் புரதம். அதை நிறுத்துங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமும் வராது. கையில் காசு உள்ளவர்கள் கிழமையில் ஒரு நாளாவது மாற்றட்டும், வவுனியா உழுந்துக்கும் வரண்ட வலயத்துப் பயறுக்கும் வாங்க ஆள் வேண்டும்.

வத்தளையிலிருந்து: அப்படிப் பார்த்தால் செத்தல் மிளகாய் இந்தியா, மாசிக் கருவாடு மாலைதீவு, பாண் மா வெளிநாடு. எதைத்தான் சாப்பிடுவது?

நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் "எல்லாமே உள்ளூர்" என்ற பேச்சை நான் பேசுவதில்லை. தட்டில் பெரும் பங்கு எங்கே விளைந்தது என்று பாருங்கள். சோறு நம் வயலில். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நாட்டு அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, பலாக்காய், ஈரப்பலாக்காய், மரவள்ளி, தேங்காய் எல்லாம் இங்கேயே. 2022 இல் மா விலை ஏறிப் பாண் எட்டாமல் போனபோது, கொழும்பில் எத்தனை வீட்டில் காலையில் மரவள்ளி அவித்தோம்? நிலைமை கொஞ்சம் சரியானதும் மறுபடி பாணுக்கே போய்விட்டோம். எனக்கு இதுதான் கவலை, பருப்பு அல்ல.

பயறு கேட்டவர்களுக்கு: பயற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, உடைத்து, சுளகில் புடைத்துக் கோதை நீக்குங்கள். மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டு அவித்து, கடைசியில் முதற்பால் விட்டு, கொதிக்க முன் இறக்குங்கள். சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டினால் பருப்பை யாரும் கேட்கமாட்டார்கள்.

பருப்பு விவாதத்துக்கு இன்னும் நிறையக் கடிதங்கள் கிடக்கின்றன, மன்னிக்க வேண்டும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

தெமட்டகொடையிலிருந்து: தொடர்மாடியில் இருக்கிறோம். பல்கனியில் கூட்டுப்பசளை செய்தால் நாறுமா?

ஈரம் கூடினால் நாறும். அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட வாளி எடுங்கள். ஒரு பங்கு மரக்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தும்புத்தூள். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி போடவேண்டாம். தேங்காய்ச் சக்கையைக் குவியலாகக் கொட்டினால் புளித்து எறும்பு வரும், பரவித் தூவுங்கள். நாற்றம் வந்தால் தும்புத்தூள் போட்டுக் கிளறிவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு இப்போது தடையாமே?

ஆம், 2023 ஒக்டோபரிலிருந்து. பிரம்புத் தட்டு வாங்குங்கள். நீராவியில் பிளாஸ்டிக்கை அவிப்பது பற்றி நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

ராஜகிரியவிலிருந்து: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிட, பேர்கர் இல்லாத இடம் சொல்லுங்கள் அக்கா.

பத்தரமுல்லையில் ஹெல போஜுன் உணவகம் இருக்கிறதே. விவசாயத் திணைக்களம் நடத்துவது, பெண்கள் முன்னாலேயே சமைத்துத் தருவார்கள். குரக்கன் ரொட்டி, ஹலப்ப (இலையில் சுற்றி அவித்த குரக்கன் பலகாரம்), இலைக்கஞ்சி கேளுங்கள். ஹலப்பவுக்கு மேலே சுற்றிய இலையைப் பிள்ளைகளே பிரிக்கட்டும், அது அவர்களுக்குப் பிடிக்கும். காலையோடு போங்கள், பிந்தினால் நல்லவை முடிந்துவிடும்.